கழுவிய மஞ்சள்

தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போகவில்லை.

செல்லாயி பயத்தமாவைக் குழைத்து மூன்றாவது தடவையாகத் தம்பி பெண்டாட்டி பூவாயியின் கன்னத்தில் தேய்த்தாள். முதல் தடவை வழிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் வெளிறியிருந்தது. மூன்றாவது தடவை தகரத் தட்டில் விழுந்த தண்ணீர் தெளிந்து கிடந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஆச்சா?" என்று வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற டிரெஸ்ஸர் சின்னையா கேட்டார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வைத்தியர், கம்பவுண்டர் எல்லாம் அவர் ஒருவர்தான். "பூசின மூஞ்சியில நான் என்னத்தப் பாக்கறது? நல்லா தேச்சுக் கழுவும்மா."

"கழுவியாச்சுங்கய்யா."

அவர் உள்ளே வந்தார். தோட்டக் கூலிகளின் லயத்து வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி. கயிற்றுக் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. பலகைச் சன்னலைத் திறந்ததும் சாரல் அடித்தது. பரவாயில்லை என்று திறந்தே வைத்துவிட்டு, பூவாயியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்தவர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"எத்தினி நாளா இப்படி இருக்கு?"

"இன்னிக்குத்தான் பாக்குறேங்கய்யா," என்றாள் செல்லாயி.

பொய். செவ்வாய்க்கிழமையே அவள் பார்த்துவிட்டாள். இன்று சனிக்கிழமை.

பதினோரு நாளைக்கு முன்னால்தான் வளைகாப்பு. ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஊரில் என்றால் வளையல் போட்ட கையோடு தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். பூவாயியின் தாய் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் முசிறியில் இருக்கிறது. கப்பல் ஏறியா போக முடியும்? அதனால் நாத்தனார் செல்லாயியே தாயாகவும் ஆனாள். புருஷன் மலைக்காய்ச்சலில் போன பிறகு அவளுக்கும் தம்பி வீட்டை விட்டால் வேறு வீடில்லை. தினமும் காலையில் மஞ்சளை உரசி, பூவாயியின் முகம், கை, கால், கழுத்து என்று பூசி, வெந்நீர் ஊற்றினாள். லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "அடியாத்தி, புள்ளத்தாச்சிக்கு என்னா களை வந்திருக்கு!" என்று கன்னம் வழித்துப் போனார்கள். செல்லாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் பூசும்போது பூவாயி ஒரு கொட்டாவி விட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. செல்லாயி அப்போதே டிரெஸ்ஸரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. டிரெஸ்ஸரிடம் சொன்னால் ஈப்போ பெரியாஸ்பத்திரி என்பார். போன வருஷம் அங்கே போன காளியம்மா திரும்பி வரவில்லை. அதற்கு முந்தி சீனியின் பெண்டாட்டி போனாள், அவளும் வரவில்லை. இருவருமே சாகிற நிலையில்தான் போனார்கள் என்பதை லயத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டியேறினால் முடிந்தது என்றுதான் பேச்சு. மஞ்சக்காமாலைதானே, இதற்கா ஆஸ்பத்திரி, கீழாநெல்லிக்குக் கேட்காததா என்று அவளே முடிவு கட்டினாள். ஸ்டோருக்குப் பின்னால் கீழாநெல்லி பிடுங்கி வந்து, அரைத்து மோரில் கலக்கி, யாருக்கும் தெரியாமல் கொடுத்தாள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சோறு இல்லை. கஞ்சித் தெளிவு மட்டும். கடுமையான பத்தியம். அக்கம்பக்கத்துக் கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று மறுநாளிலிருந்து மஞ்சளை இன்னும் திக்காகப் பூசினாள். சனிக்கிழமை விடிந்தும் பூவாயி எழுந்திருக்காததைக் கண்டு தம்பி ஐயாவுதான் ஓடிப்போய் டிரெஸ்ஸரைக் கூட்டிவந்தான்.

"கைய நீட்டும்மா," என்றார் சின்னையா.

பூவாயிக்குப் பாதி தூக்கம். கணவன் ஐயாவு தலைமாட்டில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து முன்னால் நீட்டிவிட்டான். விட்டதும் மணிக்கட்டுகள் மடங்கி மடங்கி விழுந்தன. கண்ணாடி வளையல்கள் கலகலவென்று குலுங்கின. அவள் ஆட்டவில்லை, கை தானாக ஆடியது. வளையல் பட்ட இடத்திலெல்லாம் தோல் கருநீலமாகக் கன்றியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்து உதட்டோரம் காய்ந்திருந்தது.

"குளிராய்யா அவளுக்கு?" என்று கேட்டான் ஐயாவு.

"குளிர் இல்லப்பா. ஈரல் கெட்டுப் போயிட்டு வருது. அந்த நஞ்சு தலைக்கு ஏறுது. எங்கிட்ட இதுக்கு மருந்து கெடையாது. ஈப்போவுக்குக் கொண்டு போனா புள்ளைய வெளிய எடுத்துருவாங்க. எடுத்தாத்தான் இவளுக்கு ஏதாச்சும் வழி. இன்னிக்கே போவணும்."

"வெளிய போவத் துரைகிட்ட துண்டுச் சீட்டு வாங்காம எப்படிங்கய்யா?" என்று வாசலில் குடை பிடித்து நின்ற கங்காணி பழனியப்பன் இழுத்தார்.

"துண்டு நான் எழுதறேன். துரை கேட்டா எங்கிட்ட கேக்கட்டும். நீ கட்டில் தூக்க நாலு ஆளக் குடு."

பூவாயி கண்ணைத் திறந்தாள். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டு, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு என்று வேலை நினைப்பிலேயே இருந்தாள். "அண்ணி, பெரட்டுக்கு மணி அடிச்சிட்டாங்களா? என் மங்கெல்லாம் யாரு கழுவுறா?"

"மழைடி. இன்னிக்குப் பெரட்டும் இல்ல, மரமும் இல்ல. நீ படு."

"ஆங்," என்று படுத்துக்கொண்டாள். செல்லாயி அவள் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே குழந்தை உதைத்தது. அந்த உதையில் செல்லாயிக்கு உயிர் வந்தது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இன்றைக்குள் ஈப்போ சேர்ந்துவிட்டால் போதும், சாமி, நான் செய்த தப்பு என்னோடு போகட்டும் என்று மனசுக்குள்ளே அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டாள்.

ஐயாவுவின் கூட்டாளி சன்னாசி டிரெஸ்ஸரின் சீட்டை வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிம்பாங் பூலாய்க்கு ஓடினான். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரானிடம் ஒரு மோட்டார் உண்டு. அரிசி மூட்டை ஏற்றுவதற்கு வாங்கியது. எட்டு மணிக்குச் சன்னாசி போகும்போது ஆற்றுத் தண்ணீர் பாலத்துப் பலகைக்கு அடியில்தான் ஓடியது.

பத்து மணிக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வந்தபோது பலகையைக் காணவில்லை. கைப்பிடிக் கம்பிகள் மட்டும் செந்தண்ணீருக்கு மேலே இரண்டு கோடாகத் தெரிந்தன. தோட்டத்துக்குப் போகவர அந்த ஒரு பாலம்தான். மற்ற மூன்று பக்கமும் காடும் சுண்ணாம்பு மலையும். வெள்ளைக்காரன் இடம் பார்த்துத்தான் தோட்டம் போட்டிருக்கிறான், ஒரு ஆள் தப்பி ஓட முடியாது. வழக்கமாக வெளியே போக ஒரு துண்டுக்காக நாலு நாள் கணக்கு எழுதும் கிராணி பின்னால் அலைய வேண்டும். அன்று துண்டு கையில் இருந்தது. மோட்டாரும் அக்கரையில் வந்து நின்றது. நாகூர் மீரான் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை இறங்கி நின்றார். அவர் பக்கத்தில் சன்னாசி. ஒரு கூப்பிடு தூரம்தான். மோட்டாரின் இரண்டு விளக்குகளும் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன.

"மழ விட்டா ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிரும்! எறங்கிராதீங்க!" என்று மீரான் அங்கிருந்து கத்தினார்.

கட்டிலைப் பாலத்தோரம் இருந்த நிறுவைக் கொட்டகைக்குள் இறக்கினார்கள். வெட்டிய ரப்பர் பாலை நிறுத்து ஊற்றும் தகரக் கொட்டகை. உள்ளே புளித்த பால் நாற்றம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் குனிந்தால்தான் பேசுவது கேட்டது.

சின்னையா கொண்டுவந்த சக்கரைத் தண்ணீரைச் செல்லாயி கரண்டி கரண்டியாகப் பூவாயியின் வாயில் ஊற்றினாள். "இது உள்ள போயிட்டே இருக்கணும்," என்று அவர் சொல்லியிருந்தார். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

"காலைல என்னா சாப்புட்டா?" என்று கேட்டார்.

"கஞ்சித் தெளிவுங்கய்யா."

"நேத்து?"

செல்லாயி சக்கரைத் தண்ணீரைக் கலக்கினாள். கரண்டி கிண்ணத்தில் இடித்தது.

"நேத்து என்னம்மா குடுத்த?"

ஐயாவு ஆற்றோரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாத தூரம். செல்லாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலு நாளா அதேதாங்கய்யா. செவ்வாக்கெழமையே கண்ணப் பாத்துட்டேன். நீங்க ஈப்போவுக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்து, கீழாநெல்லி அரச்சுக் குடுத்து, மூஞ்சி தெரியாம மஞ்சளப் பூசி மறச்சு… நான் பாவிங்கய்யா. என் கையாலதான்…" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவளின் கையை அவர் பிடித்தார்.

"சத்தம் போடாத."

"நாலு நாளைக்கு முன்னாடி இந்தப் பாலத்துல மாட்டு வண்டி போச்சே!"

சின்னையா பூவாயியின் நாடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "புதன்கெழமை இவ எங்கிட்ட வந்தா. வாந்தின்னு. பெரட்டுல நாப்பது பேரு நின்னாங்க. கொயினா மிச்சர் மருந்து ஒரு அவுன்ஸ் ஊத்திக் குடுத்துட்டுப் போவச் சொன்னேன். கண்ண இழுத்துப் பாக்கல. மஞ்ச பூசியிருக்கா, வளைகாப்புப் பொண்ணுன்னு சிரிச்சுக்கிட்டேன்." ஆற்றோரம் நின்ற ஐயாவுவை ஒரு தடவை பார்த்தார். "நீ சொன்னத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நான் சொன்னத நீயும் சொல்லாத. அவன்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அவனுக்கு நீ ஒருத்திதான் மிச்சம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கும் அது வசதி. செல்லாயி தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் ஒரு கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது அவளுக்கே உறைத்தது.

மழை விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய பலாமரம் வேரோடு மிதந்து வந்து கைப்பிடிக் கம்பியில் மோதி, ஒரு பக்கத்துக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஐயாவு திரும்பி வந்தான். வேட்டியை அவிழ்த்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டிலத் தூக்குங்கடா. தலைக்கு மேல வச்சுப் போயிரலாம். இடுப்பளவுதான் இருக்கும்."

யாரும் அசையவில்லை. "ஏண்டா மரம் மாதிரி நிக்கிறீங்க? ஒங்க பொண்டாட்டின்னா நிப்பீங்களாடா?" என்று கத்திவிட்டு, அவனே குனிந்து பூவாயியை இரண்டு கைகளிலும் அள்ளினான். நிறைமாத உடம்பு. தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்துத் தண்ணீரில் இறங்கிவிட்டான். முழங்காலுக்கு வந்தது. அடுத்த எட்டில் இடுப்புக்கு வந்தது. அக்கரையில் மீரான் இரண்டு கையையும் ஆட்டி, "வேணாம்! வேணாம்!" என்று அலறினார்.

செல்லாயி ஓடிப்போய்த் தம்பியின் இடுப்புக் கயிற்றைப் பிடித்தாள். பின்னால் நாலு ஆட்களும் வந்து பிடித்தார்கள். "விடுக்கா! என்னை விடு!" என்று அவன் திமிறினான். அவள் விடவில்லை. விட்டால் அவனும் போவான். விடாவிட்டால் பூவாயி போவாள். இரண்டும் தெரிந்துதான் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இழுத்துக் கரையில் போட்டார்கள். ஐயாவு சேற்றில் உட்கார்ந்து, மடியில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். "எதிர்த்தாப்புல நிக்குதுக்கா மோட்டாரு. கண்ணுக்கு எதிர்த்தாப்புல நிக்குது."

மறுபடி கட்டிலில் கிடத்தியபோது சின்னையா மரக்குழலை எடுத்துப் பூவாயியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். அங்கே வைத்தார், இங்கே வைத்தார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறு காதைப் பொத்திக்கொண்டார். பிறகு குழலைப் பையில் போட்டார். செல்லாயி ஓடிவந்து தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காலையில் உதைத்த இடம் அசையாமல் இருந்தது. கை எடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

பூவாயி ஒருமுறை கண் திறந்தாள். பார்வை யார்மீதும் நிற்கவில்லை. மூச்சில் ஒரு மாதிரி இனிப்பும் பூஞ்சையுமாக வாடை அடித்தது.

"அண்ணி."

"இருக்கேன்டி கண்ணு. சொல்லு."

"உப்புப் போட்டுக் கொஞ்சம் கஞ்சி குடுங்கண்ணி. பத்தியம் முடிஞ்சிருச்சில்ல?"

"முடிஞ்சிருச்சுடி. எல்லாம் முடிஞ்சிருச்சு. தாரேன்டி."

உப்புக்கு எங்கே போவது? லயம் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். அக்கரையில் நிற்கிற மோட்டாரில் ஒரு மூட்டை உப்பே இருக்கும். செல்லாயி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்து, அந்த ஈர நுனியைப் பூவாயியின் உதட்டில் வைத்தாள். அவள் குழந்தை மாதிரி அதைச் சப்பினாள். கை கொஞ்ச நேரம் ஆடியது, வளையல் குலுங்கியது. மூன்று மணி சுமாருக்குக் குலுங்குவது நின்றது. மழைச் சத்தத்தில் அது நின்றதை முதலில் கேட்டவள் செல்லாயிதான்.

மூன்றரை மணிக்கு மழை விட்டது. ஐந்து மணிக்குப் பாலத்துப் பலகை வெளியே தெரிந்தது. நாகூர் மீரான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் நடந்து வந்தார். கொட்டகைக்கு வெளியே நின்று, "நான் முன்னாடியே வந்திருக்கணும் தம்பி," என்று ஐயாவுவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் என்ன தப்பு செய்தார், பாவம்.

வீட்டுக்கு வெளியே போன உயிர். உடம்பை லயத்துக்குள் கொண்டு போகக்கூடாது என்றார்கள். அந்தக் கொட்டகையிலேயே சேலை கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை வேறாக எடுத்துத்தான் புதைக்க வேண்டும் என்று பழனியப்பன் ஆரம்பித்தார். ஐயாவு நிமிர்ந்து பார்த்தான். "எவனாச்சும் கத்திய எடுத்தீங்க, நடக்கிறதே வேற. ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டும்." கங்காணி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அந்தத் தோட்டத்தில் அன்றுதான் முதல் தடவை. அவரும் விலகிப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மாரியம்மா மஞ்சளை உரசிக் கிண்ணத்தில் வழித்துச் செல்லாயியிடம் நீட்டினாள். "நீ தாலி அறுத்தவதான். இருந்தாலும் தாயா நின்ன கை ஒன்னுதுதான். நீதான் பூசணும் செல்லாயி. சுமங்கலியாப் போறா. மஞ்சக் குளிக்காமப் போவக்கூடாது."

செல்லாயி கிண்ணத்தை வாங்கவில்லை. கை வரவில்லை. காலையில் தேய்த்துக் கழுவியது போதாதா? எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. அந்தப் பக்கம் சேலை மறைப்புக்கு வெளியே ஐயாவுவின் கால்கள் தெரிந்தன. வாங்கினாள். நெற்றியில் பூசினாள். கன்னத்தில் பூசினாள். கழுத்தில், வளையல் கன்றிய மணிக்கட்டில், வயிற்றில் பூசினாள்.

"பாரேன், எப்படிப் புடிக்குதுன்னு. அப்படியே தங்கமாட்டம்," என்று மாரியம்மா மூக்கைச் சிந்தினாள்.

வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும். வழியில் போகிறவர்கள் தங்கள் பாரத்தை அதில் இறக்கி இளைப்பாறினால்தான் செத்தவளின் பாரம் இறங்கும். ஊர் வழக்கம். பதினாறாம் நாள் ஐயாவுவும் சன்னாசியும் ஆற்றோரத்தில், ரப்பர் மர நெரைகளிலிருந்து பால் சுமந்து வருகிற பாதையில், தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தினார்கள். மலையடிவாரத்தில் உடைத்த கல். நாகூர் மீரானின் மோட்டாரில் வந்தது.

மறுநாள் பாலுக்கு மரம் வெட்டு இருந்தது. பதினோரு மணிக்குப் பெண்கள் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, தோளில் சுமந்து வரிசையாக வந்தார்கள். கல்லண்டை வந்ததும் மாரியம்மா லேசாகக் குனிந்து கம்பை அதன்மேல் வைத்துவிட்டு விலகினாள். கம்பு கல்லின்மேல் நின்றது, வாளிகள் இரு பக்கமும் தொங்கின. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "மகராசி, நல்லாருடி," என்றாள். அடுத்தவள் வைத்தாள். அவளுக்கடுத்தவளும் வைத்தாள். ஐயாவு அன்று வேலைக்குப் போகவில்லை. கல்லில் சிந்துகிற பாலைத் துணியால் துடைத்துக்கொண்டு, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியாகச் செல்லாயி வந்தாள். கல்லின் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

"ஏக்கா, எறக்கலியா?"

"வேணாம்ப்பா."

"ரெண்டு நிமிசம் எறக்கிட்டுப் போக்கா. மத்தவங்கள விட நீதான் எறக்கணும்."

செல்லாயி நின்றாள். அவனிடம் சொல்லிவிடலாம் போல வாய் வரைக்கும் வந்தது. அவன் கண்கள் இந்தப் பதினேழு நாளில் குழிந்து போயிருந்தன. காலையில் அவள் ஆக்கிவைத்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறான்.

"கனம் இல்லப்பா," என்று சொல்லிவிட்டு, கம்பை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நிறுவைக் கொட்டகையைப் பார்க்க நடந்தாள்.

இரண்டு வாளியும் விளிம்புவரை நிறைந்திருந்தன. பால் தளும்பித் தளும்பிச் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டே போனது. ஐயாவு கையில் துணியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.